ஃபோலிங்கை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்: தமிழ் மருத்துவப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவரும் பெரும்பணியில் இருக்கிறீர்கள். உயிர்வேதியியல் நூலில் பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகள் என்றோர் அத்தியாயம் வரும். ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்திலுள்ள ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் கையாள முடியாமல் மூளை பாதிக்கப்படும் பிறவி நோய்) என்ற தலைப்பின்கீழ், ‘1934இல் ஃபோலிங் கண்டுபிடித்தார், ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் சிறுநீர் பச்சையாகும்’ என்ற மட்டில் ஒரு வரி இருக்கும். ஆங்கில நூல்கள் பலவற்றிலும் அவ்வளவுதான். மாணவர் அதை உருப்போட்டு, தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கி, மறுநாள் மறந்துவிடுவார். அந்த வரியை அப்படியே தமிழாக்கி வைக்க வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். அந்த இடத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எதற்கு, அவற்றில் என்ன வர வேண்டும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் ஆளைப் பற்றி. அஸ்பியோர்ன் ஃபோலிங் 1888இல் வடக்கு நார்வேக்குச் செல்லும் வழியிலுள்ள ட்ரொண்டெலாக் பகுதியில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ட்ரொண்ட்ஹைம் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் படித்து 1916இல் பட்டம் பெற்றார். அதன்பிறகுதான் தலைநகருக்கு வந்து மருத்துவம் படித்து 1922இல் மருத்துவரானார். இந்த வரிசை முக்கியம். சிறுநீரில் எதிர்பாராத நிறம் வந்தபோது, ‘ஏதோ கலப்படம்’ என்று கொட்டிவிடாமல், அது என்ன பொருள் என்று கேட்கவும், கேட்ட கேள்விக்குத் தானே விடை காணவும் அவரால் முடிந்ததற்கு அந்த முதல் படிப்புதான் காரணம். அமில-காரச் சமநிலை குறித்து ஆய்வு செய்து முனைவரானார். ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றும் பயின்றார். 1934இல் ஒஸ்லோவில் ஊட்டச்சத்து ஆய்வுப் பேராசிரியர்.

அந்த ஆண்டு போர்னி ஏகெலாண்ட் என்ற தாய் தம் இரு குழந்தைகளுக்காக அவரை அணுகினார். மூத்தவள் லிவ், ஆறு வயதைத் தாண்டியவள்; சில சொற்களே பேசுவாள், நடை விறைப்பாக இருக்கும். இளையவன் டாக், நான்கு வயதை நெருங்கியும் பேச்சில்லை, நடையில்லை. பிறக்கும்போது இருவரும் நலமாகவே இருந்தவர்கள். பல மருத்துவர்களிடம் காட்டியும் பயனில்லை. குழந்தைகளின் உடலிலிருந்து ஒரு விநோத வாடை விடாமல் வருவதைச் சொன்னவர் அந்தத் தாய். எலி நாற்றம் போன்ற அந்த வாடையை ஃபோலிங் கண்டறிந்ததாகச் சில குறிப்புகளில் எழுதுகிறார்கள். தவறு. போன மருத்துவர்களிடமெல்லாம் அந்தத் தாய் அதைச் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் நூலில் அந்த வரியைத் தாயின் பெயரில் எழுதுங்கள்.

இனி சோதனை. ஃபோலிங் குழந்தைகளைப் பரிசோதித்தார், சிறுநீரை வழக்கம்போல் பார்த்தார். புரதம் இல்லை, சர்க்கரை இல்லை. கீட்டோன் இருக்கிறதா என்று அறிய ஃபெரிக் குளோரைடு சேர்த்தார். அக்காலத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு அன்றாடம் செய்த சோதனை அது. சாதாரண சிறுநீரில் வினைப்பொருளான ஃபெரிக் குளோரைடின் பழுப்பு மஞ்சளே நிற்கும். அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோன் இருந்தால் செம்பழுப்பாகும். இங்கே அடர் பச்சை வந்தது, சில நிமிடங்களில் மங்கியது. அவர் படித்த எந்த நூலிலும் அப்படியொரு நிறம் இல்லை. உடனே முடிவுக்குத் தாவவில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மருந்துகளையெல்லாம் நிறுத்தச் சொன்னார். பிறகு மறுபடி மாதிரி வாங்கினார். மறுபடியும் பச்சை. மருந்தால் வந்ததல்ல, உடலிலிருந்தே வருகிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். செய்முறை வகுப்பில் மாணவர் கற்க வேண்டியது இந்த இரண்டாவது மாதிரியைத்தான்.

இந்தச் சோதனையை நூலில் சேர்க்கும்போது அளவோடு எழுதுங்கள். 10 கிராம் ஃபெரிக் குளோரைடை 100 மி.லி. நீரில் கரைக்க வேண்டும். வெறும் நீரில் கரைத்து வைத்தால் நாளடைவில் ஹைட்ராக்சைடு படிந்து பழுப்பாகக் கலங்கும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் சேர்த்தால் தெளிவாக நிற்கும். புதிய சிறுநீர் 5 மி.லி. எடுத்து, வினைப்பொருளைத் துளித்துளியாக விட வேண்டும். முதல் துளிகளில் வெளிர் மஞ்சள் வீழ்படிவு வரும். அது சிறுநீரிலுள்ள பாஸ்பேட்டுடன் இரும்பு சேர்ந்து உண்டாவது, நிறத்தை மறைத்துவிடும். வடிகட்டிவிட்டு வடிநீரில் தொடர வேண்டும். நிறத்தை உடனடியாகவும், ஒரு நிமிடத்திலும், ஐந்து நிமிடத்திலும், அரைமணியிலும் பார்த்து எழுத வேண்டும். சோதனைக்குழாயை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகும் மாணவருக்கு, நிறம் மங்குவதும் ஒரு தகவல் என்பது தெரியாமலே போய்விடும்.

தவறுவது எங்கே? மூன்று இடங்களில். ஒன்று, பழைய சிறுநீர். பச்சையைத் தரும் ஃபீனைல் பைருவிக் அமிலம் நிலையற்றது. அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால், அதுவும் கிருமி பெருகிச் சிறுநீர் காரமாகிவிட்டால், அளவு குறைந்து சோதனை பொய்க்கும். இரண்டு, அதிக வினைப்பொருள். அதன் மஞ்சளே பச்சையை விழுங்கிவிடும். மூன்று, வேறு பொருள்களின் நிறம். ஆஸ்பிரின் போன்ற சாலிசிலேட்டுகள் ஊதா தரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, அசிட்டோஅசிட்டேட்டின் செம்பழுப்பு போய்விடும். வேறு பிறவிக் கோளாறுகளும் நிறம் தரும்: அல்காப்டனூரியாவில் நீலப்பச்சை தோன்றிய கணமே மறையும். டைரோசினீமியாவிலும் பச்சை வரும், சில நொடிகளில் போகும். ஹிஸ்டிடினீமியாவிலும் பச்சைதான். பித்தநிறமி மிகுந்தாலும் பச்சை. மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் சாம்பல் கலந்த பச்சை. ஃபீனோதயசின் வகை மனநல மருந்துகளில் ஊதா. ஆகவே ‘பச்சை வந்தால் ஃபீனைல்கீட்டோனூரியா’ என்று எழுதுவது பிழை. ‘பச்சை வந்தால் தொடர்ந்து தேடு’ என்று எழுதலாம். தொடரும் முதல் படியாக டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின் சோதனை: கீட்டோ அமிலம் இருந்தால் மஞ்சள் வீழ்படிவு வரும்.

வகுப்பில் காட்ட நோயாளியின் சிறுநீர் தேவையில்லை. சாதாரண சிறுநீர் 100 மி.லி.யில் சோடியம் ஃபீனைல் பைருவேட் 100 மி.கி. கரைத்தால் போதும். சிகிச்சை பெறாத நோயாளிகள் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு இந்த அமிலத்தைக் கழிக்கக்கூடும் என்பதால் செறிவு ஏறத்தாழப் பொருந்தும். வகுப்பு தொடங்குமுன் கரைக்க வேண்டும். முந்தைய நாளே கரைத்து வைத்தால் பச்சை வராமல் ஆசிரியர் தலைகுனிய நேரும்.

இரண்டு பக்கம் கேட்டோமே, அதில் பாதி அடுத்த பகுதிக்கே வேண்டும். ஃபோலிங் பச்சை நிறத்தோடு நிற்கவில்லை. அதைத் தரும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்றைய மாணவருக்கு நிறமாலைமானியும் பொருண்மை நிறமாலைமானியும் இருக்கின்றன. அவருக்கு அவை இல்லை. ஏகெலாண்ட் அம்மையார் இரு மாதங்களாகச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 20 லிட்டருக்கு மேல். சிறுநீரை அமிலமாக்கி, ஈதரில் குலுக்கிப் பிரித்தார். அமிலமாக்குவது ஏன் என்று நூலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: காரச் சிறுநீரில் அந்த அமிலம் அயனியாக நீரிலேயே தங்கும், அமிலமாக்கினால்தான் மின்னூட்டம் இழந்து ஈதருக்குள் போகும். கரிம அமிலங்களைப் பிரிக்கும் ஆய்வகங்களில் இன்றும் முதல் படி இதுவே.

தூய படிகத்தைத் தனிமப் பகுப்பாய்வு செய்தபோது 9 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் என்ற வாய்ப்பாடு கிடைத்தது. அந்த வாய்ப்பாட்டுக்குப் பல சேர்மங்கள் பொருந்தும். மென்மையாக ஆக்சிஜனேற்றம் செய்தார்; வாதுமை மணம் எழுந்தது, அதாவது பென்சால்டிஹைடு. மேலும் ஆக்சிஜனேற்றியபோது பென்சாயிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் வந்தன. இங்கே மாணவரை நிறுத்திக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பென்சாயிக் அமிலத்தில் 7 கார்பன். வளையமும் அதோடு ஒட்டிய ஒரு கார்பனும். ஆக்சாலிக் அமிலத்தில் 2. கூட்டினால் 9. ஆக, பென்சீன் வளையம், ஒரு கார்பன், அதன்பின் இரு கார்பன் கொண்ட கீட்டோ அமில வால். ஃபீனைல் பைருவிக் அமிலத்தைத் தவிர வேறெது? ஊகம் சரியா என்று பார்க்க, தெரிந்த ஃபீனைல் பைருவிக் அமிலத்தைத் தம் படிகத்தோடு கலந்து உருகுநிலை பார்த்தார். வேறு பொருள் கலந்தால் உருகுநிலை இறங்கும், இறங்கவில்லை. இரண்டும் ஒன்றே.

வீழ்படிவு, வடிகட்டல், மணம், உருகுநிலை. முதலாண்டு மாணவர் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்த வேதியியல் இது. ‘இதெல்லாம் மருத்துவத்துக்கு எதற்கு’ என்று அவர் கேட்கும் கேள்விக்கு இதைவிட நல்ல விடை உங்கள் நூலில் வேறு எங்கும் இருக்காது என்று நினைக்கிறோம்.

இரண்டு குழந்தைகளில் கண்டதை நோய் என்று அறிவிக்க முடியாது. ஒஸ்லோவைச் சுற்றியிருந்த காப்பகங்களில் மனவளர்ச்சி குன்றியோர் 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். மேலும் 8 பேரிடம் அதே பச்சை. அவர்களிடமிருந்தும் அதே அமிலம். 430இல் 8 என்றால் 54 பேருக்கு ஒருவர். ஐரோப்பியப் பொதுமக்களில் இந்நோய் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், காப்பகங்களைத் தேர்ந்தது எவ்வளவு கூரிய முடிவு என்று விளங்கும். பொதுமக்களிடம் தேடியிருந்தால் 430 பேரில் ஒருவர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். அரிய நோய்க்கு எங்கே வலை விரிப்பது என்ற பாடம் இது. நோய்ப்பரவலியல் ஆசிரியர்களும் எடுத்தாளலாம்.

1934இலேயே நார்வேஜிய மொழியில் ஒரு கட்டுரையும், ஹோப்பே-சைலர் பெயரால் வழங்கும் ஜெர்மானிய உடலியங்கு வேதியியல் இதழில் ஒரு கட்டுரையும் வந்தன. நோயாளிகளிடையே உடன்பிறந்தோர் இருப்பதையும், பலருக்கு வெளிர்ந்த தோலும் தோல் அழற்சியும் இருப்பதையும் குறித்தார். ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் கையாள முடியாததே காரணம் என்று ஊகித்தார். ஊகத்தோடு விட்டுவிடாமல், கார்ல் குளோஸ் என்பவரோடு சேர்ந்து 1938இல் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஃபீனைல் அலனின் மிகுந்திருப்பதைக் காட்டினார். அதை அளக்கப் பயன்பட்டது புரோட்டியஸ் வல்காரிஸ் என்ற பாக்டீரியா. ஃபீனைல் அலனினை அது ஃபீனைல் பைருவிக் அமிலமாக மாற்றிவிடும், பிறகு பழைய பச்சையை அளந்தால் போதும். ஒடுங்கு மரபாக (தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் நோய் தோன்றும் வகையில்) இது இறங்குகிறது என்பதை 1945இல் மோர், ரூட் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்டார். நோய்க்கு இன்றைய பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தின் லயனல் பென்ரோஸ். கல்லீரலில் நொதிக் குறை இருப்பதை 1953இல் காட்டியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஜெர்விஸ். இவர்களுக்கு ஓரிரு வாக்கியம் போதும்.

சிகிச்சைப் பகுதியில் ஒரு பிழை அடிக்கடி நுழைகிறது: ‘ஃபீனைல் அலனின் இல்லாத உணவு’. பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல், ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் மூவரும் 1950களின் தொடக்கத்தில் இதே தவறின் விலையைக் கண்டார்கள். பால் புரதமான கேசீனை அமிலத்தால் சிதைத்து, செயலூட்டிய கரியில் வடித்தால் ஃபீனைல் அலனின் கரியில் ஒட்டிக்கொள்ளும். கூடவே டைரோசினும் போகும், டிரிப்டோபானை அமிலமே அழித்துவிடும். இவ்விரு அமினோ அமிலங்களையும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஃபீனைல் அலனின் அறவே இல்லாமல் கொடுத்தபோது, அவர்களிடம் சிகிச்சை பெற்ற சிறுமியின் எடை குறைந்தது. உடல் தன் சொந்தத் தசையைச் சிதைத்துப் புரதம் தேடியது. பிறகு கொஞ்சம் பால் சேர்த்ததும் சரியானது. சில மாதங்களில் தவழ்ந்தாள், நிற்கக் கற்றாள், தலையை மோதிக்கொள்வது நின்றது, முடி கறுத்தது. உணவால்தான் மாற்றமா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் நாளுக்கு 5 கிராம் ஃபீனைல் அலனின் சேர்த்தார்கள். ஆறு மணி நேரத்தில் நிலை சரியத் தொடங்கியது. ஒரு நாளுக்குள் அவளால் நிற்க முடியவில்லை. 1953இல் லான்செட் இதழில் வந்த செய்தி இது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள், மாணவர்கள் விவாதிக்கட்டும்.

எனவே ‘கட்டுப்படுத்திய அளவில்’ என்று எழுதுங்கள். எவ்வளவு என்றும் எழுதுங்கள். கடும் வகை நோயுள்ள குழந்தை நாளுக்குப் பொதுவாக 200 முதல் 500 மி.கி. வரை தாங்கும். புரதத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஃபீனைல் அலனின். ஒரு கிராம் புரதத்துக்கு 50 மி.கி. என்று கொள்ளலாம். இந்தக் கணக்கில் 100 கிராம் அரிசியில் சுமார் 350 மி.கி., துவரம்பருப்புப் புரதத்தில் அதன் பங்கு கூடுதல் என்பதால் 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 1,800 மி.கி., 100 மி.லி. பசும்பாலில் சுமார் 160 மி.கி. ஆங்கில நூலின் ரொட்டி, உருளைக்கிழங்கு அட்டவணையைத் தமிழாக்குவதைவிட இந்த மூன்று எண்கள் நம் மாணவருக்கு உதவும். மீதிப் புரதத் தேவையை ஃபீனைல் அலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவை ஈடுகட்ட வேண்டும். அதில் டைரோசின் கட்டாயம் இருக்க வேண்டும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பின் எடையில் பாதிக்கு மேல் ஃபீனைல் அலனின் என்பதையும் அடிக்குறிப்பாகப் போடலாம்.

பிறந்த குழந்தைப் பரிசோதனைக்கு ஃபெரிக் குளோரைடைப் பரிந்துரைக்கும் வரி எங்கேனும் இருந்தால் தயவுசெய்து நீக்குங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஈரத் துணியில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்க்கும் முறை வந்தது. பிறந்து சில வாரங்கள் வரை இந்த அமிலம் சிறுநீரில் போதிய அளவு வராது. இரத்தத்தில் ஃபீனைல் அலனின் அளவு டெசிலிட்டருக்கு (100 மி.லி.க்கு) ஏறக்குறைய 12 முதல் 15 மி.கி. வரை உயர்ந்த பிறகே பச்சை தெரியும். அதற்குள் மூளை பாதிக்கப்படும். இந்த இடைவெளியை அடைத்தவர் பஃபலோ நகரின் ராபர்ட் குத்ரி. குதிகாலில் குத்தி வடிதாளில் எடுத்த இரத்தத்தின் சிறு வில்லையை, பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா கலந்த அகார் தட்டில் வைத்தார். தட்டில் தயனைல் அலனின் என்ற தடைப்பொருள் இருக்கும்; பாக்டீரியா வளராது. இரத்தத்தில் ஃபீனைல் அலனின் மிகுதியாக இருந்தால் தடை முறியும், வில்லையைச் சுற்றி வளர்ச்சி வட்டம் தோன்றும். வட்டத்தின் விட்டத்தை அளவு தெரிந்த வில்லைகளோடு ஒப்பிட்டால் போதும். டெசிலிட்டருக்கு 4 மி.கி.க்கு மேல் இருந்தால் மறுபரிசோதனை. சாதாரண அளவு 1 முதல் 2. குழந்தைக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்திருந்தால் பாக்டீரியா வளராமல் சோதனை ஏமாற்றும். இன்று அடுத்தடுத்த பொருண்மை நிறமாலைமானி வந்துவிட்டது. ஆனால் வடிதாள் அதேதான். பால் குடித்து 24 மணி நேரம் கழியுமுன் இரத்தம் எடுத்தால் நோய் தப்பிவிடலாம், வெயிலில் காயவைத்தால் மாதிரி கெடும், ஒரே வட்டத்தில் இருமுறை துளி விட்டால் அளவு பொய்யாக உயரும்: இந்த மூன்றையும் படத்துடன் கொடுங்கள்.

அளவு உயர்ந்த எல்லாக் குழந்தைக்கும் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. நூற்றில் ஓரிருவருக்கு நொதி சரியாக இருந்து, அதற்கு வேண்டிய டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைக்காரணி குறைந்திருக்கும். மூளையில் செய்தி கடத்தும் டோபமினும் செரட்டோனினும் உண்டாவதற்கும் அதுவே தேவை என்பதால், இரத்த அளவைச் சரிசெய்தாலும் மூளை தேறாது. சிறுநீரில் இத்துணைக்காரணியோடு தொடர்புடைய டெரின்களையும், வடிதாள் இரத்தத்தில் டைஹைட்ரோடெரிடின் ரிடக்டேஸ் என்ற நொதியையும் பார்க்க வேண்டும் என்று தனிப் பெட்டியில் எழுதுங்கள். இந்நோயுள்ள பெண் கருவுறும் முன்பே இரத்த அளவை 6 மி.கி.க்குள் கொண்டுவராவிட்டால், நோயில்லாத குழந்தைக்கும் சிறுதலையும் இதயக் குறையும் வரலாம் என்பதையும் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, எங்களை மிகவும் உறுத்துவது. நோய்க்குறிகளில் ‘பொன்னிற முடி, நீலக் கண்’ என்று ஆங்கில நூல்கள் எழுதும். அது நார்வேஜியக் குழந்தையின் வருணனை. டைரோசின் குறைவதாலும், மிகுந்த ஃபீனைல் அலனின் டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதாலும் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் குறைகிறது என்பதே அதன் உட்பொருள். தமிழ்க் குழந்தையிடம் பொன்னிற முடியைத் தேடிக்கொண்டிருந்தால் நோய் கண்முன்னே தப்பிப்போகும். ‘உடன்பிறந்தோரையும் பெற்றோரையும்விட முடி செம்பட்டையாக, தோல் வெளிர்ந்து இருத்தல்’ என்று எழுதுங்கள். சத்துக்குறைவாலும் செம்பட்டை வரும் என்பதால், எடையும் வீக்கமும் பார்த்துப் பிரித்தறியும் வழியையும் ஒரு வரியில் சேருங்கள். ‘நிறமாக இருக்கிறான்’ என்று வீட்டில் மகிழும் குழந்தையின் வளர்ச்சிப் படிகள் பின்தங்கினால் இரத்தத்தில் ஃபீனைல் அலனின் பார்க்கச் சொல்லும் மருத்துவர் உங்கள் நூலைப் படித்தவராக இருக்கட்டும்.

ஃபோலிங் 1958 வரை ஒஸ்லோவின் தேசிய மருத்துவமனையில் பணிபுரிந்தார், 1962இல் அமெரிக்காவில் கென்னடி அறக்கட்டளையின் விருதைப் பெற்றார், 1973இல் மறைந்தார். இந்த வாழ்க்கைக் குறிப்பைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் போட்டுவிடுங்கள். இடம் குறைவாக இருந்தால் இதை வெட்டலாம். ஈதரில் பிரித்ததையும் கார்பன் கணக்கையும் 430 மாதிரிகளையும் வெட்டாதீர்கள். செய்முறைக் குறிப்பின் வரைவு, நிற அட்டவணை, வடிதாள் படம் மூன்றையும் ஆக்கித்தரவும் மெய்ப்புப் பார்க்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்